காலேயின் பூச்சாடிகள் தீட்டப்பட்டவை அல்ல, அரித்தெடுக்கப்பட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் செய்யப்பட்ட கலைக் கண்ணாடிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். தமிழில் இந்தப் பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் கிடைப்பது அபூர்வம்; அதற்கு நன்றி. ஆனால் அந்தக் காலக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலேயின் பூச்சாடிகளை ‘வண்ணம் தீட்டிய கண்ணாடி’ என்று கட்டுரை மூன்று இடங்களில் சொல்கிறது. படத்தின் கீழேயும் ‘கண்ணாடி ஓவியம்’ என்றே அச்சாகியிருக்கிறது. ஏதோ ஒரு சொல் மாறிவிட்டது என்று விட்டுவிட முடியவில்லை. அந்தச் சாடியில் தெரியும் ஊதாப் பூவை எவரும் தூரிகையால் வரையவில்லை. சாடி முழுவதையும் மூடியிருந்த ஊதாக் கண்ணாடியில், பூவைத் தவிர மற்ற இடத்தையெல்லாம் அமிலம் தின்றுவிட்டது. அது தின்னாமல் விட்டதுதான் பூவாக நிற்கிறது. இது பிடிபட்டால்தான் அந்தச் சாடி எப்படி உருவானது, எங்கே உடைந்திருக்கக்கூடும், அசலையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது, எப்படித் துடைப்பது என்பதெல்லாம் விளங்கும்.

முதலில் சாடியின் உடம்பை, அதாவது அடிக்கண்ணாடியைச் சொல்கிறேன். ஊதுகுழலின் நுனியில் நிறமற்ற அல்லது வெளிர் மஞ்சள் கண்ணாடிக் குழம்பை எடுத்து ஒரு சிறு குமிழாக ஊதுகிறார்கள். அதன்மேல் நிறக் கண்ணாடியைப் போர்த்த வேண்டும். குமிழை அப்படியே நிறக் கண்ணாடிக் குழம்பில் முக்கி எடுப்பது ஒரு வழி. நிறக் கண்ணாடியைத் தனியாகக் கிண்ணம் போல ஊதி வைத்துக்கொண்டு, அதற்குள் இந்தக் குமிழை இறக்கி ஊதி ஒட்டச் செய்வது இன்னொரு வழி. இரண்டாவது அடுக்கு, மூன்றாவது அடுக்கு என்று சேர்த்த பிறகுதான் முழு அளவுக்கு ஊதுகிறார்கள். ஆகவே வேலை தொடங்கும்போதே எல்லா நிறமும் உள்ளே வந்துவிடுகிறது. கோபால்ட் நீலம் தருகிறது, மாங்கனீசு ஊதா தருகிறது, குரோமியமும் இரும்பும் பச்சை தருகின்றன. மாணிக்கச் சிவப்புக்குத் தங்கம். நூறு கிலோ கண்ணாடிக்குப் பத்து இருபது கிராம் போதும். ஆனால் அந்தச் சிவப்பு முதலில் தெரியாது. ஆறவைத்துத் திரும்பச் சூடாக்கும்போதுதான் தங்கத் துகள்கள் திரண்டு நிறம் எழும்பும். சூடு மிஞ்சினால் சிவப்பு மங்கிப் பழுப்பு தட்டிவிடும்.

இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி சுருக்கம். சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி ஒரு டிகிரி ஆறும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு சுருங்குகிறது. 500 டிகிரியிலிருந்து அறைச் சூட்டுக்கு வரும்போது 100 மில்லிமீட்டர் நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடும். கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் ஒட்டிப்பிறந்த இரண்டு அடுக்குகளில் ஒன்று கொஞ்சம் அதிகமாகவும் மற்றது கொஞ்சம் குறைவாகவும் சுருங்கினால், அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். அன்றைக்கே வெடிக்கலாம், அமிலத் தொட்டியில் ஓர் அடுக்கு மெலியும்போது வெடிக்கலாம், அலமாரியில் வைத்து ஆறு மாதம் கழித்தும் வெடிக்கலாம். நிறம் தரும் உலோகமும், ஒளியை மறைக்கச் சேர்க்கும் எலும்புச் சாம்பலும் வெள்ளீய ஆக்சைடும் கண்ணாடியின் சுருக்கத்தை மாற்றுகின்றன என்பதால், ஒவ்வொரு நிறத்துக்கும் கலவையைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். இதற்குப் பட்டறையில் எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடியையும் உருகிய நிலையில் பக்கம் பக்கமாக ஒட்டி, நீண்ட மெல்லிய நூலாக இழுக்கிறார்கள். ஆறிய பிறகு நூல் நேராக நின்றால் இரண்டும் பொருந்தும். வளைந்தால், எந்தப் பக்கம் உள்வளைவாக இருக்கிறதோ அந்தக் கண்ணாடி கூடுதலாகச் சுருங்குகிறது என்று பொருள்.

ஊதி முடித்த சாடி நேரே வெளிக்காற்றுக்கு வருவதில்லை. ஆற்றும் உலையில் 500 டிகிரி வாக்கில் வைத்து, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மெல்ல மெல்ல இறக்குகிறார்கள். சுவர் தடித்த சாடிக்கு நேரம் இன்னும் கூடும். அவசரப்பட்டால் வெளிப்புறம் முதலில் இறுகி உட்புறம் பின்னால் சுருங்க முயலும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சாணைச் சக்கரம் தொட்ட நொடியில் பிளக்கும்.

இனி அமிலம். அறைச் சூட்டில் கண்ணாடியை இப்படி அரிக்கும் அமிலம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான். கந்தக அமிலமோ உப்பு அமிலமோ அதைச் செய்யாது. கண்ணாடியின் அடிப்படையான சிலிக்காவை அது வாயுவாகவும் கரையும் சேர்மமாகவும் மாற்றிவிடுகிறது. 60 கிராம் சிலிக்காவைக் கரைக்கக் குறைந்தது 80 கிராம் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வேண்டும். ஒரு கணக்குப் போட்டால் வேலையின் அளவு புரியும். 20 சென்டிமீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள சாடியின் பக்கப் பரப்பு ஏறத்தாழ 630 சதுர சென்டிமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின்னணி என்றால், அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் எடுப்பதற்கு 100 கிராமுக்கும் கூடுதலான கண்ணாடி கரைந்து போக வேண்டும். ஒவ்வொரு சாடியும் தொட்டியின் வலுவைக் குறைத்துவிட்டுத்தான் போகிறது. காலையில் பத்து நிமிடத்தில் நடந்தது மாலையில் அதே நேரத்தில் நடக்காது. கடிகாரத்தை மட்டும் நம்பி வேலை செய்தால் கெட்டுப்போகும். எடுத்துக் கழுவிப் பார்த்து, திரும்ப இறக்க வேண்டும்.

அமிலம் படக்கூடாத இடங்களை மூட நிலக்கீலை டர்பென்டைனில் கரைத்து, மெழுகு சேர்த்துத் தூரிகையால் பூசுகிறார்கள். தூரிகை வரும் இடம் இது ஒன்றே. அந்தக் கறுப்புப் பூச்சு நிறம் கொடுப்பதற்கு இல்லை, காப்பதற்கு. சாடியின் உட்புறம், வாய், அடிப்பாகம் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அடியில் ஓர் ஊசித்துளை விட்டுப்போனாலும் அங்கே குழி விழும். பூசுவதற்கு முன் கண்ணாடியில் விரல் எண்ணெய் இருந்தாலோ ஈரம் இருந்தாலோ பூச்சு விளிம்பில் தூக்கிக்கொள்ளும். அதற்கடியில் அமிலம் நுழைந்து இதழின் ஓரத்தைக் கந்தலாக்கிவிடும். பூச்சு சரியாக ஒட்டினாலும் அமிலம் கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் போனால் ஓரமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு உள்ளே வாங்கும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் அகலக் காம்பு வேண்டுமானால் அதைவிடத் தடிமனாகவே பூசிவைக்க வேண்டும். மெல்லிய கொடிகளும் பூச்சியின் கால்களும் அறுந்து போவது பெரும்பாலும் இதை மறந்ததால்தான்.

இன்னொரு கேடு சேறு. கண்ணாடியிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் ஈயமும் அமிலத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிகின்றன. படிந்த இடத்தில் அமிலம் எட்டாது, மேற்பரப்பு கரடுமுரடாகும். அடிக்கடி அலசவில்லை என்றால் திட்டுத்திட்டாகிவிடும். இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. ஃபுளோரைடு உப்புகளைச் சேர்த்தால் பனி படர்ந்தது போன்ற மங்கல் கிடைக்கும். கந்தக அமிலத்தைச் சேர்த்தால் படிவு கரைந்து பளபளப்பு கிடைக்கும். எந்த இடம் மங்கல், எந்த இடம் பளபளப்பு என்பதும் படத்தின் ஒரு பகுதிதான்.

மஞ்சள் உடம்பின்மேல் நீலமும் அதன்மேல் ஊதாவும் போர்த்திய ஒரு சாடியை எடுத்துக்கொள்வோம். முதலில் பூ, இலை, காம்பு மூன்றையும் பூச்சால் மூடி, மற்ற இடங்களில் ஊதா, நீலம் இரண்டும் போகும்வரை அமிலத்தில் வைக்கிறார்கள். மஞ்சள் பின்னணி வெளிப்படுகிறது. பிறகு பின்னணியையும், கரு ஊதாவாக நிற்க வேண்டிய மடிப்புகளையும் மூடிவிட்டு, எட்டத் தெரிய வேண்டிய இலைகளைத் திறந்து சிறிது நேரம் முக்குகிறார்கள். மேலிருக்கும் ஊதா போய் நீலம் மட்டும் மிஞ்சுகிறது. மூன்றாவது முறை மிகக் குறுகிய முக்கல்: பூச்சில் ஊசியால் கீறிய நரம்புக் கோடுகள் அப்போது விழுகின்றன. இப்போது அந்தப் பூவை உற்றுப் பாருங்கள். இதழின் நடுவில் ஊதா தடிமனாக, கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கிறது. ஓரத்துக்கு வர வர அடுக்கு மெலிந்து நீலம் ஊடுருவி, நுனியில் மஞ்சளும் கலந்து புகைபோல முடிகிறது. இந்த நிறமாற்றத்தைக் கலந்து தீட்டியவர் யாரும் இல்லை. ஒரே ஊதாவின் தடிமன் குறைந்ததுதான் இத்தனை சாயல். சாடியைச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் இது தெரியும். சுவரோரம் வைத்தால் தெரியாது.

இதில் ஊதுபவரின் கைக்கும் அமிலக்காரரின் கண்ணுக்கும் இருக்கும் தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. குமிழை ஊதிப் பெருக்கும்போது சாடியின் வயிற்றுப் பகுதியில் நிற அடுக்கு மெலிகிறது. அடிப்பக்கத்தில் தடிமனாகவே தங்குகிறது. ஆகவே ஒரே நேரத்தில் முக்கி எடுத்தால் வயிற்றில் உடம்பே அரிபட்டுவிடும். அடியில் நிறம் மிச்சமிருக்கும். வயிற்றுப் பகுதியை முன்கூட்டியே மூடிவிட்டு அடியை மட்டும் திரும்ப முக்க வேண்டும். பழைய சாடிகளின் அடியில் இருள் கவிந்து மேலே வெளுப்பது அழகுக்காக மட்டும் இல்லை. கண்ணாடியின் போக்கையே அழகாக்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரேனும் வீட்டில் அமிலத்தைத் தொட நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். இது தோலைச் சுட்டுவிட்டு நிற்கும் அமிலம் இல்லை. உள்ளே ஊறி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த கரைசல் பட்டால் வலியே சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும்; அதற்குள் சேதம் எலும்புவரை போயிருக்கும். உயிரும் போகலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்க முடியாது என்பதால் அந்தக் காலத்தில் ஈயம் வேய்ந்த தொட்டிகளிலும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலால் செய்த குப்பிகளிலும் வைத்தார்கள். அந்த ஆவிக்கு நடுவில் நாள் முழுவதும் நின்ற தொழிலாளர்களின் நுரையீரலையும் விரல்களையும் நினைக்காமல் அந்த மென்மையான இதழ்களை என்னால் பார்க்க முடிவதில்லை. கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

அமிலத்தோடு வேலை முடிவதும் உண்டு, முடியாததும் உண்டு. விலை உயர்ந்த சாடிகள் அதன்பின் செப்புச் சக்கரத்துக்குப் போகின்றன. சுழலும் சிறு செப்புத் தட்டில் எண்ணெயும், எமரி என்ற கடினமான கல்லின் தூளும் தடவி, சாடியைச் சக்கரத்துக்கு அடியில் தாங்கிப் பிடித்துச் செதுக்குவார்கள். சக்கரம் நிலையாக நிற்க, சாடிதான் நகரும். செதுக்குபவருக்குத் தான் வெட்டும் இடம் சக்கரத்தாலும் எண்ணெய்க் குழம்பாலும் மறைந்திருக்கும். கையின் உணர்விலும் ஓசையிலும்தான் ஆழத்தை அறிய வேண்டும். மேற்பரப்பில் சுத்தியலால் தட்டிய செம்பு போலச் சிறுசிறு பட்டைகள் தெரிந்தால் அதுவும் சக்கர வேலைதான். வேறு சில சாடிகளைத் திரும்ப மெல்லச் சூடேற்றி உலை வாயில் காட்டி எடுப்பார்கள். அமிலத்தின் சொரசொரப்பு உருகி, நனைந்தது போன்ற மினுமினுப்பு வரும். வேகமாகச் சூடேற்றினால் வெடிக்கும். அதிகம் சூடேற்றினால் செதுக்கிய நரம்புகள் மழுங்கும்.

‘தீட்டல்’ முற்றிலும் தவறு என்று சொன்னால் நானும் தவறு செய்தவனாவேன். தீட்டியவையும் உண்டு. பிலிப் ஜோசப் புரோகார் எகிப்து, சிரியா நாடுகளில் மம்லூக் சுல்தான்கள் காலத்தில் செய்த மசூதி விளக்குகளைப் பார்த்து 1860-களிலிருந்தே எனாமல் பூசிய கண்ணாடிகளைச் செய்தார். காலேயின் தொடக்க காலப் பொருட்களிலும் எனாமல் நிறைய வரும்; 1878 பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த, துளி கோபால்ட் சேர்த்த வெளிர்நீல ‘நிலவொளி’க் கண்ணாடிகளும் எனாமல் அலங்காரம் தாங்கியவை. எனாமல் என்பது எளிதில் உருகும் நிறக் கண்ணாடிப் பொடி. அதைக் குழைத்துத் தூரிகையால் பூசி, 550 முதல் 600 டிகிரி வரை சுட்டால் உடம்போடு ஒட்டும். உடம்பு இளகித் தொங்குவதற்கு முன் எனாமல் உருகிவிட வேண்டும். அந்த இடைவெளி குறுகலானது. விரலால் தடவினால் எனாமல் மேலே ஏறி நிற்கும் தனிப் பூச்சாகத் தெரியும்; ஒளிக்கு எதிரே அடர்ந்து மறைக்கும். அமிலம் அரித்த அடுக்கு அப்படி மறைக்காது, ஒளியைத் தன் வழியே விடும். தங்கள் கட்டுரையின் படத்தில் இருப்பது இரண்டாம் வகை.

காலேக்கு முந்திய யூஜீன் ரூசோவையும் கட்டுரை விட்டுவிட்டது. ஜப்பானியக் கலையின் தாக்கத்தில், சூடான கண்ணாடியைத் தண்ணீரில் முக்கி விரிசல் விடச் செய்து, திரும்பச் சூடாக்கி அந்த விரிசல்களையே அலங்காரமாக்கியவர் அவர். ஆன்ரி குரோ 1880-களில் கண்ணாடிப் பொடியைப் பசையாக்கி அச்சில் இட்டுச் சுட்டுச் சிற்பம் செய்தார். மாறாக, ரெனே லலீக்கைக் கட்டுரை இந்தக் கூட்டத்தில் சேர்த்திருக்கிறது. 1900-இல் அவர் புகழ் பெற்றது நகைகளுக்காக. நாம் ‘லலீக் கண்ணாடி’ என்று அறியும் அச்சில் வார்த்த பொருட்கள் அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் பெருகின.

காலே 1846-இல் லொரேன் பகுதியின் நான்சி நகரில் பிறந்தவர். தந்தையின் பீங்கான், கண்ணாடி வணிகத்தை 1877-இல் ஏற்றார். கட்டுரை சொல்வதுபோல் அவர் ‘தன் பட்டறையில் எல்லாவற்றையும் ஊதினார்’ என்பது சரியில்லை. மைசென்தால் ஊரின் புர்குன், ஷ்வெரர் தொழிற்சாலையில் இளமையில் தொழில் கற்ற அவர், 1885 முதல் 1894 வரை ஒப்பந்தப்படி அங்கேதான் தன் கண்ணாடிகளைச் செய்வித்தார். பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் 1870-71-இல் நடந்த போருக்குப் பின் மைசென்தால் ஜெர்மனிக்குப் போய்விட்டது. நான்சி பிரான்சில் தங்கியது. பிரெஞ்சு நாட்டுப்பற்றை வெளிப்படையாகப் பேசிய காலேயின் சாடிகள் எல்லைக்கு அந்தப்புறம் ஊதப்பட்டன. சொந்தக் கண்ணாடி உலையை அவர் நான்சியில் தொடங்கியது 1894-இல்தான். 1889 பாரிஸ் கண்காட்சியில் கண்ணாடிக்கான பெரும் பரிசு பெற்ற பொருட்களுக்கு அவரது சொந்த உலை பிறப்பிடம் அல்ல.

அதே எல்லை மாற்றம்தான், கண்ணாடித் தொழிலில் பின்னாளில் பெயர் பெற்ற தோம் குடும்பத்தையும் நான்சிக்குக் கொண்டுவந்தது. பிட்ச் ஊரில் பத்திரம் எழுதும் அலுவலராக இருந்த ஜான் தோம், பிரான்சைத் தேர்ந்து இடம்பெயர்ந்தார். 1878-இல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை அவர் கைக்கு வந்தது. முதலில் கடிகாரக் கண்ணாடியும் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிப் பாத்திரங்களும்தான். மகன்கள் ஒகுஸ்த், அந்தோனன் இருவரும் 1890-களில் கலைப்பிரிவை வளர்த்தார்கள். அவர்களின் கைச்சிறப்பு பொடி. சூடான குமிழை நிறக் கண்ணாடிப் பொடி தூவிய இரும்புப் பலகையில் உருட்டி, திரும்ப உலையில் காட்டுவார்கள். பொடி உருகிக் கலந்து, மேகம்போலப் புள்ளியும் படலமுமாக நிற்கும். பொடி பருமனாக இருந்தால் புள்ளி. நைசாக இருந்தால் படலம். ஈரப்பொடியாக இருந்தால் குமிழ் நிறைந்து நாசம். அடுக்குகளுக்கு நடுவில் அலங்காரத்தைச் சிறைவைக்கும் முறைக்கு 1899-இல் காப்புரிமை பெற்றார்கள்: ஓர் அடுக்கில் அரித்துச் செதுக்கிய பின், அந்த ஆறிய சாடியை மெல்லச் சூடேற்றி, மேலே இன்னோர் அடுக்கைப் போர்த்தி, அதையும் செதுக்குவது. ஆறியதைத் திரும்பச் சூடாக்குவதே ஆபத்து. அதில் போர்த்துவது இரட்டை ஆபத்து.

ஆனால் துணிச்சல் என்றால் காலே 1898-இல் காப்புரிமை பெற்ற கண்ணாடிப் பதிப்பு வேலைதான். மரத்தில் வெவ்வேறு மரத்துண்டுகளை வெட்டிப் பதிப்பதுபோல, இதழ், இலை வடிவில் செய்த நிறக் கண்ணாடித் துண்டுகளைச் சூடாக்கி, ஊதுகுழலில் இளகிய நிலையில் இருக்கும் சாடியின்மேல் வைத்து, பலகையில் உருட்டி அழுத்தி மேற்பரப்போடு சமமாக்குவது. துண்டு சூடு குறைந்திருந்தால் தொட்ட இடத்தில் வெடிக்கும். சூடு மிஞ்சியிருந்தால் வடிவம் குழைந்துவிடும். ஓரத்தில் காற்று அகப்பட்டால் குமிழ் வரிசை நிற்கும். பத்து நிறம் பதித்தால் பத்துச் சுருக்கமும் உடம்போடு பொருந்த வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் சாடியைத் திரும்ப உலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், கடைசித் துண்டில் உடைந்தால் எல்லாமே போயிற்று. முழுதாகத் தப்பியவை மிகச் சிலவே. அவற்றில் மெல்லிய விரிசல் உள்ளவையும் உண்டு. ஆறும்போது விழுந்த விரிசல் பதித்த துண்டின் ஓரத்தைத் தொட்டு ஓடும். பின்னாளில் அடிபட்டு விழுந்த விரிசல் அடிபட்ட புள்ளியிலிருந்து கிளம்பும்.

‘காலே என்று எழுதியிருந்தால் காலே செய்தது’ என்ற வரியை அவசியம் திருத்த வேண்டும். அவர் 1904 செப்டம்பரில் இறந்தார். மனைவி ஆன்ரியேத் தொழிலைத் தொடர்ந்தார். 1930-கள் வரை அந்தப் பெயரில் சாடிகள் வெளிவந்தன. அவர் இறந்த பிறகு சில ஆண்டுகள் கையெழுத்தின் பக்கத்தில் சிறு விண்மீன் இடப்பட்டது. அவர் வாழ்ந்தபோதும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைக் கொண்ட தொழிற்சாலை அது. விக்தோர் புரூவே, லூயி எஸ்தோ போன்றவர்கள் வடிவமைத்தார்கள். மைசென்தாலில் தெசிரே கிறிஸ்தியான் அலங்கரித்தார். ஆகவே காலே தானே திட்டமிட்டு மேற்பார்த்த தனிப்பொருள் வேறு, அவர் காலத் தொழிற்சாலையின் தொடர் உற்பத்தி வேறு, அவருக்குப் பிந்தியது வேறு. இந்த மூன்றையும் ஒரே விலையிலும் ஒரே வியப்பிலும் பேசுவது வாசகரை ஏமாற்றத்தில் தள்ளும்.

போலிகளுக்கும் ஒரு வார்த்தை. ருமேனியாவில் இன்றும் இந்தப் பாணியில் அடுக்குக் கண்ணாடிகள் செய்கிறார்கள். பலவற்றில் காலே பெயருடன் ‘திப்’ என்ற சொல்லும் இருக்கும். ருமேனிய மொழியில் ‘வகை’ என்று அதற்குப் பொருள். ‘காலே வகை’ என்று நேர்மையாகவே சொல்கிறார்கள். அந்தச் சொல்லைச் சாணைபிடித்து அழித்துவிட்டு அசலாக விற்பவர்கள்தான் ஏமாற்றுக்காரர்கள். எனவே கையெழுத்தைப் பார்ப்பதைவிடக் கையெழுத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால், சாணை பட்ட இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட வேறு மாதிரி மின்னும் அல்லது லேசாகக் குழிந்திருக்கும். அரித்தெடுத்த தொடர் உற்பத்திச் சாடிகளில் கையெழுத்தும் பூவைப் போலவே அதே நிற அடுக்கில் புடைத்து நிற்கும், இரண்டின் ஓரமும் ஒரே தன்மையில் இருக்கும். பூவின் ஓரம் வழவழப்பாகவும் கையெழுத்தின் ஓரம் கீறலாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். அமிலத்துக்குப் பதில் மணலை வீசி அரித்தவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பின்னணி முழுவதும் ஒரே சீரான பொடிக் குழிகளாகத் தெரியும். அமில வேலையில் முக்கலுக்கு ஒரு படி என்று ஓரத்தில் படிகள் இருக்கும். அடிப்பாகத்தின் தேய்மானமும் பேசும். நூறு ஆண்டு மேசைகளில் இழுபட்ட கீறல்கள் பல திசையில், பல ஆழத்தில் ஓடும். எமரித் தாளில் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

பராமரிப்பைப் பற்றிக் கட்டுரை ‘அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானால் துடைக்கலாம்’ என்கிறது. எனாமலும் தங்கப்பூச்சும் உள்ள சாடிகளுக்கு அது கேடு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி மென்மையான சோப்பு, மிருதுவான தூரிகை, அவ்வளவு போதும். கழுவும் தொட்டியில் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த சாடியில் சுடுநீரை ஊற்றாதீர்கள்; உள்ளே தங்கிய இழுபறி எப்போது வேண்டுமானாலும் விழித்துக்கொள்ளும். தங்கம் பூசிய இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பூ வைப்பதென்றால் உள்ளே தனிக் குழாய் ஒன்றை வைத்து அதில் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் நின்று படியும் உப்புப் படலத்தைக் குறுகிய கழுத்துக்குள் கைவிட்டு எடுக்க முடியாது. இதே கண்ணாடியில் செய்த விளக்குகளில் பழைய இழை பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போட வேண்டும்; இழை பல்பின் சூடு கண்ணாடிக் குடையின் உச்சியில் குவிந்து அடுக்குகளைப் பிரித்து இழுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருத்தம் வெளியிடும்போது அந்தப் படத்தையும் மறுபடி வெளியிட முடியுமானால், சாடிக்கு முன்னால் விளக்கு வைத்து எடுத்த படத்தை விட்டுவிட்டு, பின்னால் ஒளி வைத்து எடுத்த படத்தைத் தேடிப் போடுங்கள். நான்சியில் உள்ள நான்சிப் பள்ளி (காலே உள்ளிட்ட கலைஞர்களின் இயக்கம்) அருங்காட்சியகம், தோம் கண்ணாடிகளை வைத்திருக்கும் அந்நகரின் நுண்கலை அருங்காட்சியகம், மைசென்தாலின் கண்ணாடி அருங்காட்சியகம், பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் ஆகியவற்றில் இத்தகைய பொருட்கள் உள்ளன. படத்தின் கீழே ‘ஊதிய அடுக்குக் கண்ணாடி, அமிலத்தால் அரித்தது, சக்கரத்தால் செதுக்கியது’ என்று செய்முறையும், ஆண்டும், உயரமும் போட்டால் போதும். அந்த ஊதா இதழின் ஓரத்தில் நீலம் தொடங்கும் இடத்தை வாசகர் தாமே கண்டுகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்